சர்க்கரை மேல் போட்ட பழி: உடற்பருமனும் சிறுநீர்ப்பைப் புற்றும் சேர்ந்து வந்த ஒருவரின் நிகழ்வு ஆய்வு

எங்கள் சிறுநீரியல் பிரிவில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்துவரும் ஒருவரைப் பற்றியது இந்தப் பதிவு. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். நாங்கள் சரியாகச் செய்ததையும் தவறவிட்டதையும் சேர்த்தே எழுதுகிறேன். தவறவிட்டதில்தான் மற்றவர்களுக்குப் பயன் அதிகம்.

பின்னணி

முதலில் ரத்தம் போனபோது அவருக்கு வயது 58. தமிழ்நாட்டின் மேற்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். காலை ஆறு மணிக்குக் கடை திறந்தால் இரவு ஒன்பதரைக்குத்தான் ஷட்டர் இறங்கும். மதியச் சாப்பாட்டு நேரம் போக மற்ற நேரமெல்லாம் கல்லா நாற்காலிதான். சரக்கு எடுத்துப் போடப் பையன்கள் இருக்கிறார்கள். உயரம் 166 செ.மீ., எடை 97 கிலோ.

சர்க்கரை நோய் 11 ஆண்டுகளாக. ரத்தக் கொதிப்பு ஆறு ஆண்டுகளாக. 22 ஆண்டுகள் தினமும் ஒரு பாக்கெட் சிகரெட் பிடித்துவிட்டு, 51 வயதில் மகள் சொல்லி விட்டவர். சிறுநீர்ப்பைப் புற்றில் ஏறக்குறைய பாதிக்குப் புகைதான் காரணம் என்பது பல நாட்டுக் கணக்கு. விட்ட பிறகு ஆபத்து குறையும். ஆனால் ஏழு ஆண்டில் முழுதும் போய்விடாது. எனவே இந்தக் கட்டிக்கு முதல் காரணமாக நான் இன்றும் சொல்வது புகையைத்தான். பருமனும் சர்க்கரையும் என்ன செய்தன என்பது வேறு கேள்வி. அதற்குத்தான் இந்தப் பதிவு.

சர்க்கரைக்கு அவர் எடுத்துக்கொண்டது காலையும் இரவும் ஒரு மாத்திரை. 'சுகர் மாத்திரை' என்பதற்கு மேல் அதைப் பற்றி அவருக்குத் தெரியாது. நாங்களும் கேட்கவில்லை.

ஐந்து மாதங்கள்

ஒரு சித்திரை மாதக் காலையில் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போயிருக்கிறது. வலியில்லை, எரிச்சலில்லை. உடம்புச் சூடு என்று மனைவி இளநீரும் வெந்தயத் தண்ணீரும் கொடுத்தார். இரண்டு நாளில் தெளிந்துவிட்டது. பக்கத்து மருத்துவர் சிறுநீரில் சர்க்கரையும் சிவப்பணுக்களும் இருப்பதைப் பார்த்து, கிருமித் தொற்று என்று ஐந்து நாளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்.

ஆறு வாரம் கழித்து மறுபடியும் ரத்தம். இம்முறை சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் அனுப்பினார்கள். 'வளர்ச்சி இல்லை' என்று முடிவு வந்தது. கிருமி இல்லையென்றால் ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். வேறொரு ஆன்டிபயாட்டிக் எழுதப்பட்டது.

மூன்றாம் முறை கட்டிகட்டியாக ரத்தம். வயிற்று ஸ்கேன் எடுத்தார்கள். அந்த அறிக்கையை நான் பலமுறை படித்திருக்கிறேன். 'வயிற்றுக் கொழுப்பால் பிம்பம் தெளிவாக இல்லை. சிறுநீர்ப்பை போதுமான அளவு நிரம்பவில்லை. புராஸ்டேட் சற்றுப் பெரிதாக உள்ளது' என்பது அதன் சாரம். ஸ்கேன் செய்தவர் நேர்மையாகத்தான் எழுதியிருக்கிறார்: எனக்குத் தெரியவில்லை என்கிறார். ஆனால் வீட்டில் அது 'ஸ்கேன்ல ஒண்ணும் இல்லை' என்று ஆகிவிட்டது. புராஸ்டேட் மாத்திரை ஆரம்பிக்கப்பட்டது.

எங்களிடம் வந்தபோது மனைவி சொன்னார்: "சுகர் இருக்கறவங்களுக்கு இப்பிடி வருமுன்னு சொன்னாங்க டாக்டர். அதுனால நாங்களும் பெருசா எடுத்துக்கலைங்க." அவர்மேல் ஒரு குறையும் இல்லை. வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம் போனால், அது ஒரே ஒரு முறை போனாலும், தானாக நின்றாலும், சிறுநீர்ப்பைக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் துறையில் முதலாண்டுப் பாடம். சர்க்கரை இருப்பவருக்கு அந்தப் பாடம் தளர்ந்துவிடுகிறது. தொற்று, கல், புராஸ்டேட், சிறுநீரகக் கோளாறு என்று சொல்லிக்கொள்ள ஏதாவது ஒரு காரணம் அவர் உடம்பிலேயே இருக்கிறது. பருமனாக இருந்தால் ஸ்கேனும் கைகொடுக்காது.

எங்களிடம் வந்தபோது கண்டது

இடுப்புச் சுற்றளவு 116 செ.மீ. இந்திய ஆண்களுக்கு வரம்பு 90. உடல் நிறைக் குறியீடு 35.2, நம் நாட்டவருக்கு 25 தாண்டினாலே பருமன் என்று கணக்கு. ரத்த அழுத்தம் 150/94. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 9.4. டிரைகிளிசரைடு 262, நல்ல கொழுப்பு 34, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.3. வளர்சிதைமாற்றக் கோளாற்றுக்கு ஐந்து அளவுகோல்களில் மூன்று இருந்தால் போதும். இவருக்கு ஐந்தும் இருந்தன.

இதில் வியப்பில்லை. 2023இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 'இன்டியாப்' (INDIAB) ஆய்வின்படி இந்தியாவில் பெரியவர்களில் 11.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய், 39.5 சதவீதத்தினருக்கு வயிற்றுப் பருமன். எங்கள் புற நோயாளிப் பிரிவில் வரிசையில் நிற்பவர்களும் ஏறக்குறைய இப்படித்தான். பழகிப்போனதால் கண்ணில் படுவதில்லை.

சிஸ்டோஸ்கோபியில், அதாவது குழாய்க் கேமரா விட்டுப் பார்த்ததில், வலப்பக்கச் சுவரில், சிறுநீர்க்குழாய் வாய்க்குச் சற்று மேலே, கடற்பாசிபோல் அசையும் 3.5 செ.மீ. கட்டி. திரையில் அவரும் பார்த்தார். சி.டி. ஸ்கேனில் சிறுநீரகங்களில் அடைப்பு இல்லை, நெறிக்கட்டு இல்லை, கல்லீரலில் கொழுப்பு.

முதல் முடிவு: சர்க்கரைக்காகக் காத்திருப்பதா

மயக்க மருத்துவர் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர மூன்று வாரம் கேட்டார். ஏற்கெனவே ஐந்து மாதம் போயிருந்தது. இது வயிற்றைத் திறக்கும் அறுவை அல்ல. சிறுநீர்ப் பாதை வழியாகக் கருவி விட்டுச் சுரண்டி எடுப்பது. அன்றாட அளவை இன்சுலினால் இறக்கி, ஆறாம் நாள் செய்தோம். இந்த முடிவை இன்றும் மாற்றமாட்டேன்.

செய்வது எளிதாக இல்லை. முதுகுத் தண்டு ஊசி மூன்றாம் முயற்சியில்தான் இறங்கியது. அடிவயிற்றுக் கொழுப்பு மெத்தை தள்ளிக்கொண்டு நிற்பதால் கருவியின் நீளம் உள்ளே போதவில்லை. சிறுநீர்ப்பையின் உச்சியைப் பார்க்க, வழக்கமாக உதவியாளர் அடிவயிற்றை ஒரு கையால் அழுத்திக் கொடுப்பார். இவருக்கு இரு கையால் அழுத்தியும் சுவர் முழுதாக இறங்கி வரவில்லை. உச்சிப் பகுதியை நான் ஓரளவுதான் பார்த்தேன் என்று அறுவைக் குறிப்பில் எழுதினேன்.

திசு முடிவு: அதிவீரியப் புற்று, டி1 நிலை. அதாவது உள் தோலைத் தாண்டி அடுத்த அடுக்குக்குள் போயிருந்தது. அனுப்பிய திசுவில் தசை இல்லை. தசை இல்லாமல் 'தசைக்குள் போகவில்லை' என்று சொல்ல முடியாது. ஐந்து வாரத்தில் மறுபடி சுரண்டினோம். இம்முறை திசுவில் தசை இருந்தது, அதில் புற்று இல்லை. ஆனால் அருகில் தட்டையாகப் பரவும் வகைப் புற்று ஒரு சிறு இடத்தில்.

இது ஆபத்து மிகுந்த வகை. இரண்டு வழிகளைச் சொன்னோம்: சிறுநீர்ப்பையை இப்போதே எடுத்துவிடுவது (பிறகு சிறுநீர் வயிற்றில் ஒட்டிய பையில் சேரும்), அல்லது உள்ளே பி.சி.ஜி. மருந்து செலுத்தி மூன்று மாதத்துக்கொரு முறை பார்ப்பது. அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பையைக் கட்டிக்கிட்டுக் கல்லாவுல எப்படிங்க டாக்டர் உக்கார்றது?" என்று கேட்டார். பி.சி.ஜி. என்று முடிவானது.

மஞ்சள் பை

பி.சி.ஜி. என்றால் குழந்தை பிறந்ததும் தோளில் போடும் அதே காசநோய்த் தடுப்பு மருந்துதான். கிண்டியில் 1948 முதல் அதைத் தயாரித்த ஆய்வகம் உண்டு. அதையே 1976 முதல் சிறுநீர்ப்பைப் புற்றுக்கு உள்ளே செலுத்தி வருகிறார்கள். உயிருள்ள கிருமி உள்சுவரைச் சீண்டும். உடம்பின் எதிர்ப்புப் படை அங்கே திரளும். அந்தத் திரளில் புற்றணுக்களும் அழியும். வாரம் ஒன்றாக ஆறு வாரம், பிறகு பராமரிப்புத் தவணைகள்.

மூன்றாம் வாரம் தவணை போட முடியவில்லை. காய்ச்சல், உண்மையான கிருமித் தொற்று, சர்க்கரை 312. இரண்டு வாரம் தள்ளிப்போனது. அன்றுதான் பி.சி.ஜி. அறையில் இருந்த செவிலியர், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் எடுத்து வரும்படி மனைவியிடம் சொன்னார்.

அடுத்த முறை ஜவுளிக்கடை மஞ்சள் பை ஒன்று வந்தது. மேசையில் கொட்டினார். மருந்துக் கடையில் பத்து மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரியால் வெட்டித் தருவார்கள்; பெயர் இருக்கும் பக்கம் பெரும்பாலும் வேறு யாருக்கோ போய்விடும். பெயரில்லாத துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, ஒரு துண்டின் வெள்ளித்தாளில் ஓரமாக எஞ்சியிருந்த எழுத்துகளைச் செவிலியர் படித்தார்: மெட்ஃபார்மின், கிளிமிபிரைட், பயோகிளிட்டசோன் 15 மி.கி. மூன்றும் ஒரே மாத்திரையில். ஆறு ஆண்டுகளாக.

பயோகிளிட்டசோனுக்கும் சிறுநீர்ப்பைப் புற்றுக்கும் உள்ள தொடர்பு பழைய வழக்கு. 2011இல் பிரான்ஸ் அதைப் பயன்பாட்டிலிருந்து எடுத்தது. அதே ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஓராண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டால் ஆபத்து கூடலாம் என்று எச்சரித்தது. இந்தியாவில் 2013 ஜூனில் விற்பனையை நிறுத்திவைத்து, ஜூலை இறுதியில் எச்சரிக்கை வாசகத்துடன் மறுபடி அனுமதித்தார்கள். 2015இல் வெளியான நீண்டகால அமெரிக்க ஆய்வொன்று குறிப்பிடும்படியான கூடுதல் ஆபத்தைக் காணவில்லை. எனவே இந்த மருந்துதான் இவருக்குப் புற்றைக் கொண்டுவந்தது என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் சிறுநீர்ப்பைப் புற்று இருப்பவருக்கு அதைக் கொடுக்கக்கூடாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. காரணம் தெரியாமல் சிறுநீரில் ரத்தம் போகிறவருக்கும் கொடுக்கக்கூடாது.

இரண்டு முறை எங்கள் வார்டில் படுத்து எழுந்து போனவர். இரண்டு டிஸ்சார்ஜ் சீட்டிலும் 'சர்க்கரை மாத்திரைகளைத் தொடரவும்' என்று இருக்கிறது. இரண்டிலும் கையெழுத்து என்னுடையது.

சர்க்கரை மருத்துவரிடம் பேசி மருந்தை மாற்றினோம். மெட்ஃபார்மின் தொடர்ந்தது. பயோகிளிட்டசோனும் கிளிமிபிரைடும் நின்று, சிட்டாக்ளிப்டினும் இரவில் சிறிதளவு இன்சுலினும் வந்தன. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் புதிய வகை மாத்திரையை யோசித்தோம். சிறுநீரகத்துக்கும் எடைக்கும் அது நல்லது. ஆனால் பிறப்புறுப்புத் தொற்றைக் கூட்டும். வாரந்தோறும் குழாய் விட்டு உயிர்க்கிருமி செலுத்தும் காலத்தில் வேண்டாம் என்று விட்டோம். எடை குறைக்கும் ஊசிகளின் விலை அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. பயோகிளிட்டசோனை நிறுத்திய ஒரு மாதத்தில் கால் வீக்கம் வற்றியது. அது நீரைத் தேக்கும், எடையைக் கூட்டும் மருந்து. அவர் வீக்கத்தையும் சர்க்கரையின் கணக்கில்தான் எழுதி வைத்திருந்தார்.

ஒன்பதாம் மாதம்

மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் சிஸ்டோஸ்கோபி சுத்தம். எல்லோருக்கும் நிம்மதி. அந்த நிம்மதியில் எடை 99 ஆனதை யாரும் பேசவில்லை. கோப்பைத் திருப்பிப் பார்த்தால் ஆறு மாதத்தில் அவர் எங்களிடம் 14 முறை வந்திருக்கிறார். இரண்டு முறைதான் எடை பதிவாகியிருக்கிறது. இடுப்பளவு ஒரு முறைகூட இல்லை. சர்க்கரை வேறு துறை, நடைப்பயிற்சி வேறு துறை, எங்கள் வேலை உள்ளே பார்ப்பது என்ற எண்ணம்தான். எழுதி வைக்கவில்லையே தவிர, அப்படித்தான் நடந்துகொண்டோம்.

ஒன்பதாம் மாதம் உச்சிப் பகுதியில் கட்டி. முதல் அறுவையில் நான் ஓரளவே பார்த்ததாக எழுதிய அதே பக்கம். எடுத்து அனுப்பியதில் தசைக்குள் புற்று: டி2. பரிசோதனையில் வேறெங்கும் பரவவில்லை.

மறுவளர்ச்சிக்குப் பருமன் காரணமா? அவரும் கேட்டார். 2013இல் பல மருத்துவமனைகள் சேர்ந்து வெளியிட்ட ஓர் ஆய்வில், டி1 அதிவீரியப் புற்று உள்ளவர்களில் பருமனானவர்களுக்கு மறுவளர்ச்சியும் முற்றுவதும் அதிகமாக இருந்தன. சர்க்கரை நோயாளிகளிடமும் பல ஆய்வுகள் இதே திசையைக் காட்டுகின்றன. மறுபுறம், உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்று ஆராய்ச்சி முகமை 2016இல் உடற்கொழுப்போடு உறுதியாகத் தொடர்புள்ளவை என்று பட்டியலிட்ட 13 புற்றுகளில் சிறுநீர்ப்பை இல்லை. சிறுநீர்ப்பை எடுத்தவர்களைப் பற்றிய சில ஆய்வுகளில் பருமனானவர்கள் மெலிந்தவர்களைவிட நன்றாகவே இருந்திருக்கிறார்கள். நான் அவரிடம் சொன்னது இதுதான்: "உங்க எடைதான் இதைக் கொண்டுவந்துச்சுன்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்லைங்க ஐயா. ஆனா இனிமே செய்யப்போற ஒவ்வொண்ணுக்கும் அது குறுக்க நிக்கும். அது எனக்கு உறுதியா தெரியும்."

ஒரு சிறுநீரகத்துக்கு மூன்று கணக்கு

தசைக்குள் போன புற்றுக்கு, சிறுநீர்ப்பையை எடுப்பதற்கு முன் சிஸ்பிளாட்டின் சேர்ந்த கீமோ கொடுத்தால் ஆயுள் கூடும். 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வில் கீமோவும் அறுவையும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 77 மாதம். அறுவை மட்டும் பெற்றவர்களுக்கு 46 மாதம். ஆனால் சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்கும். நிமிடத்துக்கு 60 மி.லி. வடிகட்டும் திறன் வேண்டும் என்பது வழக்கமான வரம்பு.

அப்போது அவருடைய கிரியேட்டினின் 1.5. வடிகட்டும் திறனை வயது, எடை, கிரியேட்டினின் மூன்றையும் வைத்துக் கணக்கிடும் சூத்திரம் ஒன்றை எல்லா கீமோ அறைகளிலும் பயன்படுத்துகிறோம். அவருடைய 99 கிலோவைப் போட்டால் 74 வந்தது. உயரத்துக்கு ஏற்ற எடையான 62 கிலோவைப் போட்டால் 47. இரண்டுக்கும் நடுவில் திருத்திய எடையான 77 கிலோவைப் போட்டால் 58. மனிதர் ஒருவர், ரத்தப் பரிசோதனை ஒன்று. ஒரு விடை முழு அளவு கொடு என்கிறது, இன்னொன்று கொடுக்கவே கூடாது என்கிறது.

கொழுப்பு கிரியேட்டினினை உண்டாக்குவதில்லை, தசைதான் உண்டாக்குகிறது. எனவே முழு எடையைப் போட்டால் சிறுநீரகம் இருப்பதைவிட நன்றாக இருப்பதாகத் தோன்றும். புற்றுநோய் மருத்துவர் கணினி காட்டிய 74ஐ ஏற்கவில்லை. கதிரியக்க முறையில் நேரடியாக அளக்க அனுப்பினார். 56 வந்தது. அளவைப் பிரித்து, முதல் நாளும் எட்டாம் நாளுமாக சிஸ்பிளாட்டினும் ஜெம்சிட்டாபினும் நான்கு சுற்று என்று முடிவு செய்தார்.

இதற்கு நேர்மாறான ஒரு கணக்கும் உண்டு. கீமோ அளவை உடற்பரப்பை வைத்துத் தீர்மானிப்பார்கள். இவருக்கு 2.14 சதுர மீட்டர். பருமனானவர்களுக்கு அதை 2.0 என்று வெட்டிவிடும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது, நச்சு கூடிவிடும் என்ற அச்சத்தில். அப்படி வெட்டினால் பருமனானவருக்குப் புற்று மருந்து குறைவாகப் போகும், பலனும் குறையும். உண்மை எடைக்கே கொடுக்க வேண்டும் என்பதுதான் 2012 முதல் அமெரிக்கப் புற்று மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டல். சிறுநீரகக் கணக்கில் முழு எடையை நம்பக்கூடாது. மருந்துக் கணக்கில் முழு எடையைக் குறைக்கக்கூடாது. கீமோ அறைச் சுவரில் இதை எழுதி ஒட்டியிருக்கிறோம்.

பருமனுக்குள் இருந்த மெலிவு

கீமோவுக்குமுன் எடுத்த சி.டி.யில், இடுப்பு முதுகெலும்பின் மூன்றாம் கண்ணி உயரத்தில் தசைப் பரப்பை அளந்து தரும்படி கதிரியல் மருத்துவரிடம் கேட்டேன். இதற்குக் கூடுதல் செலவு இல்லை. எடுத்த படத்திலேயே அளக்கலாம். படத்தைத் திரையில் காட்டினார். வெளியே அகலமான கொழுப்பு வளையம், குடலைச் சுற்றி மறுபடியும் கொழுப்பு, நடுவே முதுகெலும்பை ஒட்டி ஒடுங்கிய தசைகள், அவற்றுக்குள்ளும் கொழுப்புக் கோடுகள். 99 கிலோ மனிதருக்கு அவர் உயரத்துக்கு இருக்க வேண்டிய தசைகூட இல்லை.

சில ஆய்வுகளில் பருமனானவர்கள் நன்றாக இருப்பதாகத் தோன்றும் புதிரில் ஒரு பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். எடைத் தராசுக்குத் தசையும் கொழுப்பும் ஒன்று. மெலிந்தவர் கூட்டத்தில் நோயால் இளைத்தவர்களும் புகைப்பவர்களும் கலந்திருக்கிறார்கள். 2014இல் மேயோ கிளினிக் குழு, சிறுநீர்ப்பை எடுத்தவர்களில் தசை குறைந்தவர்களுக்கு இறப்பு அதிகம் என்று காட்டியது. இவர் இரண்டு பக்கமும் பாதிக்கப்பட்டவர்: கொழுப்பு மிகுதி, தசைக் குறைவு.

எனவே எடையைக் குறையுங்கள் என்று சொல்லவில்லை. கீமோ நடக்கும் 12 வாரத்தில் பட்டினி கிடந்து குறைத்தால் போவது தசை. வயிற்றளவு குறைய வேண்டும், தசை கூட வேண்டும், சர்க்கரைச் சராசரி 7.5க்குக் கீழே வர வேண்டும் என்று மூன்று இலக்குகள் வைத்தோம். காலையிலும் மாலையிலும் வாய்க்கால் கரையில் 20 நிமிட நடை. கல்லா நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, பத்துப் பத்தாக ஒரு நாளைக்கு நான்கு முறை. மூன்று பந்து உள்ள மூச்சுப்பயிற்சிக் கருவி. காலை இட்லியில் இரண்டைக் குறைத்து இரண்டு முட்டை. மாலை மிக்சருக்குப் பதில் பாசிப்பயறு அல்லது கொண்டைக்கடலைச் சுண்டல். மிக்சர் அவர் கடைச் சரக்கு. பாக்கெட் கையெட்டும் தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மனைவி அதைக் கடையின் மறுகோடிக்கு மாற்றினார். காலை நேரக் கல்லாவையும் அவரே எடுத்துக்கொண்டார். இந்த ஏற்பாட்டில் என் பங்கைவிட அந்த அம்மாவின் பங்கு பெரிது.

குறட்டை பற்றிக் கேட்டபோது மகள்தான் சொன்னார், நடுவில் மூச்சு நின்று நின்று வரும் என்று. தூக்கப் பரிசோதனையில் மூச்சடைப்பு கடுமையாக இருந்தது. இரவில் காற்றழுத்தக் கருவி தொடங்கியது. கீமோ அன்று வாந்திக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டால் முதல் சுற்றில் சர்க்கரை 340 ஏறியது. இரண்டாம் சுற்றிலிருந்து அந்த மூன்று நாளுக்கு மட்டும் தனி இன்சுலின் சீட்டு எழுதினோம்.

நான்கு சுற்று முடிந்தபோது எடை 93, இடுப்பு 111, சர்க்கரைச் சராசரி 7.3. அரை நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எழுவது எட்டிலிருந்து பன்னிரண்டாகியிருந்தது. கிரியேட்டினின் 1.5லேயே நின்றது.

அறுவை

கடைசிச் சுற்றுக்கு ஐந்து வாரம் கழித்துச் சிறுநீர்ப்பையை எடுத்து, குடலில் ஒரு துண்டைச் சிறுநீர் வெளியேறும் வழியாக்கி வயிற்றில் துளை வைத்தோம்.

துளை எங்கே என்பதற்கு முந்தைய நாள் ஒரு மணி நேரம் செலவிட்டோம். வழக்கமாகத் தொப்புளுக்குக் கீழே வைப்பார்கள். இவருக்கு அங்கே வைத்தால் தொப்பை மறைத்துவிடும். அவரால் பார்க்கவே முடியாது. வேட்டி கட்டும் கோடும் அதன் மேல் விழும். நிற்கவைத்து, உட்காரவைத்து, கல்லாவிலிருந்து குனிந்து சில்லறை எடுப்பதுபோல் குனியவைத்து, மடிப்பு விழாத இடத்தை மேல்வயிற்றில் பேனாவால் குறித்தார் செவிலியர். வேட்டியை அவரையே கட்டச் சொல்லி, கோட்டுக்கு மேலே நான்கு விரல் இருப்பதைச் சரிபார்த்தார்.

அறுவை ஆறரை மணி நேரம். குடலைத் தாங்கும் கொழுப்புத் திரை தடித்துக் குட்டையாக இருந்ததால் குடல் முனை தோல் வரை எட்டவில்லை. முனைக்குப் பதில் வளைவை வெளியே கொண்டுவந்து துளை வைத்தோம். ஆறாம் நாள் தையலின் கீழ்ப்பகுதியில் சீழ். திறந்துவிட்டு, மூன்றரை வாரம் தினமும் கட்டு மாற்றினோம். எதிர்பார்த்ததுதான்; ஆனாலும் அந்த மூன்றரை வாரம் அவர் மனம் மிகவும் சோர்ந்துவிட்டது. ரத்தம் உறையாமலிருக்க 28 நாள் ஊசி. 16ஆம் நாள் வீடு திரும்பினார். திசு முடிவில் புற்று டி1க்கு இறங்கியிருந்தது. எடுத்த 19 நெறிகளிலும் புற்று இல்லை.

பிறகு

அறுவை முடிந்து 20 மாதம். நான்கு ஸ்கேன்களிலும் மறுவளர்ச்சி இல்லை. எடை 88, இடுப்பு 104, சர்க்கரைச் சராசரி 6.9. துளையைச் சுற்றி இலேசான குடலிறக்கப் புடைப்பு இருக்கிறது, பெல்ட் போட்டிருக்கிறார். குடல் வழியே சிறுநீர் போவதால் ரத்தத்தில் அமிலம் கூடுகிறது. சோடா உப்பு மாத்திரை தொடர்கிறது. வைட்டமின் பி12 சென்ற பரிசோதனையில் குறைந்திருந்தது. மெட்ஃபார்மின் நெடுநாள் எடுத்தாலும் குறையும், குடலின் கடைப்பகுதியை வெட்டி எடுத்தாலும் குறையும், இவருக்கு இரண்டும். ஊசி தொடங்கியாகிவிட்டது.

கடைக்குப் போகிறார். வேட்டிக்கு மேல் பை இருப்பது சட்டைக்குள் தெரிவதில்லை என்று சொன்னார்.

எதை மாற்றினோம்

எங்களிடம் ரத்தச் சிறுநீரோடு வரும் ஒவ்வொருவரும் இப்போது மாத்திரைப் பையோடு வர வேண்டும். கொட்டிப் பார்த்து எழுதுவது பதிவுச் செவிலியரின் முதல் வேலை. 'சர்க்கரை மாத்திரைகளைத் தொடரவும்' என்ற வாசகத்தை டிஸ்சார்ஜ் சீட்டு அச்சிலிருந்தே எடுத்துவிட்டோம். மருந்தின் பெயரை எழுதினால்தான் அச்சாகும்.

ஸ்கேன் அறிக்கையில் 'தெளிவாக இல்லை' என்று இருந்தால் அதை ஸ்கேன் எடுக்காததாகவே கொள்கிறோம். சுற்றுவட்டார மருத்துவர்களுக்கு இதை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினோம். பருமனானவருக்கு முதல் அறுவையில் உச்சி தெரியவில்லையென்றால், நீளமான கருவியோடு ஆறு வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். ஐந்தாம் வாரம் நான் மறுபடி உள்ளே போனபோது பழைய தழும்பில் கவனமாக இருந்தேன். உச்சியைத் தேடிப் போகவில்லை. ஒன்பதாம் மாதம் தெரிந்த கட்டி அன்றே அங்கே இருந்ததா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. எனக்கு இன்னும் உறுத்துவது அதுதான்.

மிகப் பெரிய மாற்றம் நேரத்தில். கீமோ தொடங்கியபோது செய்த நடையையும் சாப்பாட்டையும் தூக்கப் பரிசோதனையையும் முதல் சுரண்டல் முடிந்த வாரத்திலேயே தொடங்கியிருக்கலாம். ஏறக்குறைய ஓராண்டு கையில் இருந்தது. எடை குறைந்தால் சிறுநீர்ப்பைப் புற்று திரும்பாது என்று நிரூபித்த ஆய்வை நான் காட்ட முடியாது. ஆனால் கீமோவைத் தாங்குவது, தையல் ஆறுவது, துளை சரியாக அமைவது, சிறுநீரகம் நிலைப்பது ஆகிய எல்லாவற்றிலும் அந்த ஓராண்டு உதவியிருக்கும்.

சிஸ்டோஸ்கோபி அறைக் கதவுக்குப் பின்னால் இப்போது தையல்காரர் நாடா ஒன்று தொங்குகிறது. உள்ளே போகுமுன் இடுப்பை அளந்து, முந்தைய அளவுக்குப் பக்கத்தில் எழுதிவிட்டுத்தான் மேசையில் படுக்கவைக்கிறோம். அவருடைய அடுத்த ஸ்கேன் ஆடி மாதம்.